அண்ணாந்து பார்த்தவர்

கடலோரக் காற்றாலைகளைச் சுற்றிப் பார்க்க வந்த கூட்டத்தில் தையல்காரர் மட்டும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. எண்பது மீட்டர் உயரத்தில் கயிற்றில் தொங்கியபடி ஒருவர் இறக்கையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

"கயிறு கெட்டிதானேம்மா?" என்று மூன்றாம் முறையாகக் கேட்டார்.

"ரொம்பக் கெட்டி சார். அவங்க இன்னிக்குத்தான் முதல் தடவையா ஏறியிருக்காங்க, ஆனா பயிற்சியில முதலா வந்தவங்க," என்றாள் வழிகாட்டிப் பெண். "நீங்களும் உள்ளே ஏணியில கொஞ்சம் ஏறிப் பாக்குறீங்களா?"

"அய்யோ, ரெண்டு படி ஏறினாலே எனக்குத் தலை சுத்தும்! வீட்டுல பல்பு மாத்துறதுகூட என் பொண்டாட்டிதான்."

"அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

"நான் வந்ததே அவளுக்குத் தெரியாது. 'நீங்க பாத்தா எனக்குக் கை நடுங்கும், வந்துடாதீங்க'ன்னு சொல்லிட்டா."

தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே கைகாட்டினார்.

"கொஞ்சமாவது நடுங்குதா பாரும்மா!"