கப்புக்குக் கீழே ஒரு படம்

ஊர்காவற்றுறையில் சோளகக் காற்று பின்னேரமாகியும் ஓயாமல் வீசுகிறது. ஜெனீற்றா குசினி யன்னலை இழுத்துச் சாத்துகிறாள். அது திரும்பவும் திறந்துகொள்கிறது. மேசையில் குளியலறை கட்டி மிஞ்சிய ஆறு வெள்ளை ரைல்ஸ் கற்கள், ஒவ்வொன்றிலும் ஒட்டிய ஒரு குடும்பப் படம். நாளைக்குக் கனடாவுக்குத் திரும்பும் மச்சாளுக்கு, புருசனின் அக்காவுக்கு, தேத்தண்ணிக் கப் வைக்கவென்று தன் கையால் செய்த பரிசு. கடையில் பிறின்ற் எடுத்த ஐந்து படங்களும் காலையில் வார்னிஷ் பட்டவுடனேயே கரைந்துவிட்டன. மச்சாளின் கலியாணச் சேலைச் சிவப்பு மேலே ஏறி முகத்தை மூடிவிட்டது. தேவாலயத்தில் முதல்நன்மை எடுத்த பிள்ளையின் வெள்ளைச் சட்டை நீலமாகிக் கிடக்கிறது. காய்ந்த வார்னிஷுக்குள் காற்றுக் கொண்டுவந்த மணல் மினுங்குகிறது. பழைய ஸ்ரூடியோப் படம் ஒன்றுதான் தப்பியிருக்கிறது: செத்துப்போன மாமனார், மீசை மயிர் எண்ணலாம்போல அவ்வளவு தெளிவாக. மீன்பிடித்துக் கடலால் வந்து குந்தியிருக்கும் புருசன் சில்வெஸ்ரருக்கு முன்னால் அதைத் தள்ளிவிட்டுத் தேத்தண்ணியை நீட்டுகிறாள்.

"இதில வைச்சுப் பாருங்கோ, சூடு தாங்குதோ எண்டு."

கப் அவன் கையிலேயே நிற்கிறது. "அப்புவின்ர முகத்திலயோ?"

"கப் வைக்கத்தானே செய்தனான்."

"எனக்கு ஏலாது. அக்காவுக்கும் ஏலாது."

விரலில் ஒட்டிய வார்னிஷை அவள் கத்தியால் சுரண்டுகிறாள், தோலும் சேர்ந்து வருகிறது. சில்வெஸ்ரர் தகப்பனை எடுத்து மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைக்கிறான். பிறகு முகம் கரைந்த ஒன்றைத் தன்பக்கம் இழுத்து, அதன்மேல் கப்பை நிம்மதியாக வைக்கிறான்.