அண்ணாந்து பார்க்க வைத்தவர்

சொர்ணாம்பிகை எதையும் வாய்விட்டுப் படிக்காமல் ஒப்பமிடுவதில்லை. வார இதழொன்றின் ‘இவ்வாண்டின் செல்வாக்கு மிக்க மனிதர்’ தேர்வுக்குழுவில் அவர் ஒருவர்தாம் இன்னும் இசைவு தரவில்லை. அடுக்குமாடிகள் எழுப்பும் செல்வர் ஒருவரின் படமும், ‘ஊரையே அண்ணாந்து பார்க்க வைத்தவர்!’ என்னும் வரியும் அட்டைக்கு ஆயத்தமாயிருந்தன.

ஒப்பத்துக்காக வந்த அந்த அட்டைத் தாளுடன் அவர் நாற்சந்தியில் நின்றபோது, காய்கறிப் பையோடு சாலையைக் கடந்த ஒரு பெண் நடுவில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்தாள். போக்குவரத்துக் காவலரும் பார்த்தார். பேருந்து நின்றது; பயணிகள் சன்னல்வழியே கழுத்தை நீட்டினர். பின்னால் வந்த காரிலிருந்து, படத்திலிருந்த செல்வரே இறங்கி வாய்பிளந்து மேலே நோக்கினார்.

“என்னம்மா தெரியுது?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார் செல்வர்.

“இன்னும் தெரியலைங்க. பேசாம பாருங்க.”

செல்வர் மறுபடியும் அண்ணாந்தார். ஒருவரும் ஒலிப்பானை அழுத்தவில்லை. சொர்ணாம்பிகையும் அண்ணாந்தார். கைப்பேசியில் இதழாசிரியர் அழைத்தார்.

“மேடம், அச்சுக்குப் போகணும். நீங்க ஒத்துக்கலைன்னா அடுத்த வருஷம் குழுவுல உங்க பேரு இருக்காது.”

“வரி சரிதான் தம்பி, படந்தான் தப்பு,” என்றார் அவர், வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”