மூடிய காயம்

கல்லீரலில் ஒரு காயம். அதை மூட இரு பக்கத்துச் செல்களும் பெருகி வந்து, நடுவில் ஒன்றையொன்று தொட்டன. தொட்டதும் நின்றுவிடுவது அங்கே வழக்கம். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு மரபணு உட்கார்ந்து “போதும்” என்று சொல்லும்.

ஒரு செல் மட்டும் நிற்கவில்லை. பெருகுகிற அவசரத்தில் அதன் மரபணு தப்பாகப் பிரதியாகி, பேச்சை இழந்திருந்தது.

“தம்பி, இடிக்கிறே. காயம் மூடியாச்சு,” என்றது பக்கத்துச் செல்.

“மூடியிருந்தா உள்ளேயிருந்து குரல் வந்திருக்குமே அண்ணே. எனக்கு வரலையே.”

“எனக்கு வந்துடுச்சுடா. என்னை நம்பு.”

“உங்களுக்கு வேலை அலுத்துப்போச்சு. அதான் இப்படிச் சொல்றீங்க.”

அது மறுபடி பிளந்தது. பிறந்தவற்றுக்கும் அந்தக் குரல் கேட்கவில்லை, அவையும் பிளந்தன. ரத்தக் குழாய்கூட அவற்றின் பக்கமே கிளை விட்டது.

நெரிசலில் அண்ணன் செல்லின் சவ்வு கிழிந்தது. சுற்றியிருந்தவையும் ஒவ்வொன்றாய்க் கிழிந்தன. அண்ணன் முனகியது.

தம்பி பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தது.

“பாத்தீங்களா அண்ணே, எவ்வளவு பெரிய காயம். கொஞ்சம் பொறுத்துக்கோங்க, இதோ மூடிடறோம்.”