சைலன்சர் திரும்பிய திசை

சத்தியமாக, இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. தேவசகாயத்தின் உலகப்போர் காலத்து ஜீப் கக்கிய புகையில், பக்கத்து வீட்டு மச்சான் எபநேசரின் மீன்குழம்பு சட்டியிலேயே கருவாடாகிவிட்டது.

"ஓய், சைலன்சரத் திருப்பும். இல்லன்னா ஜீப்பக் காயலான் கடையில போட்டுருவேன்!" என்று எபநேசர் வந்து நின்றார்.

தேவசகாயம் பல்லைக் கடித்துக்கொண்டு குழாயை அறுத்து, வானத்தைப் பார்க்க நிமிர்த்தினார். மறுநாள் அந்தப் பக்கம் பறந்த கொக்குகளெல்லாம் காக்கையாகத் தரையிறங்கின.

"இப்பம் கொக்கு கருத்துப் போச்சே வேய்!" என்று எபநேசர் மறுபடி வந்து நின்றார்.

ஆத்திரம் தாங்காமல் தேவசகாயம் குழாயை வளைத்து, தன் இருக்கைக்கு நேராகவே கொண்டுவந்து பற்றவைத்தார். "இனி புகைய நானே குடிச்சுச் சாவுதேன். ஜீப்புல மட்டும் கை வச்சீரு, தெரியும் சேதி!"

அந்த ஜீப்பின் எஞ்சினை எபநேசர் கழற்றித் தன் மீன்பிடி வள்ளத்தில் மாட்டி அன்றைக்கே பதினோரு வருடமாகியிருந்தது.