பிடித்தம் போக

நாய் வளர்த்தால் நாய்க்கும் வரி உண்டாம்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லேப்டாப்பை இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்துக்கொண்டாள்.

ஜெர்மனியிலிருந்து அவள் கணவனுக்கு வேலை வந்திருக்கிறது. கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் டிசைன் போடுகிறவன். அங்கேயும் பம்ப்தான். மாதம் நாலாயிரத்து இருநூறு யூரோ. திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும்.

கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் அதை ரூபாயில் பெருக்கி வாயைப் பிளந்தார்கள். அவள் பிளக்கவில்லை. ஆடிட்டர் ஆபீசில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவளுக்கு, சம்பளம் என்பது பிடித்தம் போகக் கைக்கு வருவது. அதிலும் செலவு போக நிற்பது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

எதிரே அவன் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

வாடகையிலேயே இரண்டு வகை. ஹீட்டர் செலவு சேர்ந்தது, சேராதது. டிவி இல்லாத வீடும் டிவிக்குக் கட்ட வேண்டும். சர்ச்சில் உறுப்பினர் என்றால் அதற்குத் தனி வரி. ஒரு தடவை முடி வெட்டுகிற காசுக்கு இங்கே ஒரு மாதப் பால் வாங்கலாம்.

அவளுக்குக் கணக்கே மறந்துவிட்டது. ஊர் பார்க்கக் கிளம்பியவள் மாதிரி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். கொத்தமல்லிக் கட்டு விலையைத் தேடிப்பிடித்து அவனிடம் காட்டினாள்.

"கொசுறு கேட்டா அடிப்பாங்களாட்ட இருக்குது," என்றான்.

அவனுக்குப் போக வேண்டும். அது அவளுக்குத் தெரியும். காரணம் ஒரே ஒரு தரம் சொன்னான்.

"அங்க யாரும் எதும் கேக்க மாட்டாங்க."

இங்கே கேட்கிறார்கள். கல்யாண மண்டபத்தில், லிஃப்டில், மருந்துக் கடையில். விசேஷம் ஏதும் உண்டா? குழந்தைங்க? அவள் சிரித்த முகமாக இல்லீங்க என்பாள். அவன் அந்த நேரம் பார்த்துச் செருப்பைத் தேடுவான்.

அவளுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. மாதம் ஒரு லட்சமாவது மிஞ்சினால் போகலாம், இல்லாவிட்டால் இந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அவனும் சரி என்றான்.

கைக்கு எவ்வளவு வரும் என்று காட்டுகிற பக்கத்தைத் திறந்தாள்.

வயது கேட்டது. திருமணம் கேட்டது. சர்ச் கேட்டது.

குழந்தை உண்டா என்று கேட்டது.

இல்லை என்று போட்டாள். கை பழகியிருந்தது.

பட்டியலில் புதிதாக ஒரு பிடித்தம் முளைத்தது. முதுமைக் காலப் பராமரிப்புக் காப்பீடு. பிள்ளை இல்லாதவர்களுக்கு அதில் கூடுதல்.

நன்றாக இருக்கிறது நியாயம். யாரும் கேட்காத ஊர் என்றானே, அங்கே சர்க்காரே கேட்கிறது. கேட்டுக் காசும் பிடிக்கிறது. அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

ஆனாலும் பொடி எழுத்தைப் படிக்காமல் விட்டுப் பழக்கமில்லை. படித்தாள்.

குழந்தை உயிரோடு பிறந்திருந்தால் போதும். பிறகு இறந்துபோயிருந்தாலும் அவர்கள் பெற்றோர்தான். கூடுதல் பிடித்தம் இல்லை. எந்நாளும் இல்லை.

இன்னொரு தரம் படித்தாள்.

வியாழக்கிழமை பிறந்தான். சனிக்கிழமை வரை இருந்தான்.

ஆண்கள் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். பெயர் வைக்கிற நாள் வரவே இல்லை. பொறக்கவே இல்லீன்னு நெனச்சுக்க கண்ணு என்றார்கள் பெரியவர்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். கணவன் அன்றைக்கு மூடிய வாய்தான். அந்தப் பேச்சை இருவரும் எடுத்ததே இல்லை.

இந்தச் சட்டத்தை யார் எழுதியிருப்பார்கள்?

அவளுக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. ஏதோ ஓர் ஆபீஸ் அறை. மேஜையைச் சுற்றி நாலு பேர். செத்த பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று யார் முதலில் கேட்டது? ஆணா, பெண்ணா? கேட்டபோது மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

இல்லை என்பதை உண்டு என்று மாற்றினாள்.

எத்தனை என்று கேட்டது.

ஒன்று.

கைக்கு வருவது இருபத்துச் சொச்சம் யூரோ கூடியது. வாடகை, மின்சாரம், மளிகை எல்லாம் கழித்துப் பார்த்தாள். லட்சத்துக்கு இன்னும் நிறையத் துண்டு விழுந்தது.

"போலாமுங்க," என்றாள்.

அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

"லட்சம் மிஞ்சுதா?"

அவள் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள்.

மேலிருந்து கீழே படித்தான். மிச்சத் தொகையில் நெற்றி சுருங்கியது. எங்கேயோ தப்பு என்று மறுபடி மேலே போனான். ஒன்று என்ற இடத்தில் நின்றான். அவள் விரல் காட்டிய பொடி எழுத்தைப் படித்தான்.

வெங்காயம் உரித்த கையால் கண்ணைத் தொடக்கூடாது என்று அவனுக்குத் தெரியாதா என்ன. தொட்டான்.

"சர்ட்டிபிகேட் கேப்பாங்களா?" என்றான்.

"பொறப்பு சர்ட்டிபிகேட் வேணும். நாமதான் வாங்கவே இல்லீங்களே. கார்ப்பரேஷன் ஆபீசுல கேக்கோணும்." அவள் கொஞ்சம் தயங்கினாள். "பேரு எடம் காலியா இருக்குமுங்க."

"பொன்னரசு," என்றான்.

யோசிக்கவே இல்லை. அவள் அவனையே பார்த்தாள். அந்தப் பெயரை அவள் கேட்டதே இல்லை.

"எப்பங்க வெச்சீங்க?"

அவன் வெங்காயச் சருகுகளைக் கையால் ஓரமாக ஒதுக்கினான்.

"தூக்கிட்டுப் போறப்ப."