கோல் கைமாறும் இடம்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. சந்தேகம் இருப்பவர்கள் எங்கள் ஊர்ச் சதுக்கத்துக்கு வந்து பள்ளத்தை எட்டிப் பார்க்கலாம்.

அவன் ஓடிக்கொண்டிருக்கிறான்.

கையில் கோல். ஸ்பெயினின் வடக்கு மலைகளில் பாஸ்க் மொழி பிழைத்துக் கிடக்க வேண்டும் என்று ஊர் ஊராகக் கைமாறி வரும் கோல். அவன் பக்கத்து ஊர்க்காரன்; எங்கள் ஊரில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

விதி இதுதான். கோல் நிற்கக் கூடாது. எந்த ஊருக்கு வருகிறதோ அந்த ஊர் ஆள், பாஸ்க்கில் கேட்டு வாங்கி, அடுத்த ஊருக்கு ஓட வேண்டும்.

நாங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. தோரணம், மத்தளம், ஆப்பிள் மது, சுட்ட சாஸேஜ், எல்லார் மேலும் ஒரே நிறச் சட்டை. அவன் வந்து கோலை நீட்டினான். ஊரே கை தட்டியது.

தட்டிக்கொண்டே இருந்தது.

“போய் வாங்கேன் இன்யாக்கி,” என்றாள் ரொட்டிக்கடை மையாலென்.

“நானா? நான் மத்தளம். உன் வீட்டுக்காரர் வாங்குவார்னுல்ல இருந்தேன்.”

“அவரு சாஸேஜ் சுட வந்தவரு. பேச வரல.”

பக்கத்து வீட்டில் யாருக்காவது பாஸ்க் தெரியும் என்று ஒவ்வொரு வீட்டிலும் நம்பியிருந்தோம். இத்தனை காலம் நிம்மதியாகத்தான் இருந்தது.

நிற்கக் கூடாதே. அவன் நீரூற்றைச் சுற்ற ஆரம்பித்தான்.

நாவிதர் பின்னோக்கி ஓடியபடியே அவனுக்குச் சவரம் செய்தார். ஒரு கீறல் இல்லை. அவன் மனைவி வந்து, கூடவே ஓடிச் சண்டை போட்டுப் பார்த்தாள். மூச்சு வாங்கியது, திரும்பிப் போய்விட்டாள். தூங்கும்போது மட்டும் அவனுக்கு வேகம் கொஞ்சம் கூடும்.

தரைக்கல் தேய்ந்தது.

முதலில் கணுக்கால் வரை இறங்கினான். பிறகு முழங்கால். பனி விழுந்தபோது இடுப்பு.

சுற்றுலா வந்தவர்கள் படமெடுத்தார்கள். அவர்கள் தவறி விழாமலிருக்க ஊராட்சி கம்பி போட்டது. பாஸ்க் வகுப்பு தொடங்குவது பற்றி ஒரு கூட்டம்கூட நடந்தது. ஸ்பானிஷில் நடந்தது.

இப்போது தலை தெரிவதில்லை. கோலைப் பிடித்த கை மட்டும் தரைக்கு மேலே சுற்றி வருகிறது.

ஊரில் மூத்தவன் நான். பிறந்ததும் இங்கேதான். ஆகவே பள்ளத்தின் ஓரத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். அவன் பாஸ்க்கில் சொல்வதை ஊராருக்கு எடுத்துச் சொல்வது என் வேலை.

முட்டி வலிக்கிறது என்கிறான். கயிற்றில் இறக்கும் சூப்பில் உப்பு கூட என்கிறான். உங்கள் ஊர் மத்தளம் சகிக்கவில்லை என்கிறான். இன்யாக்கி அன்று சாப்பிடவில்லை.

நேற்றுக் குரல் வெகு கீழேயிருந்து வந்தது. ஒரே வாக்கியம். ஒவ்வொரு சுற்றிலும் அதே வாக்கியம்.

கோலோடு கை என் பக்கமாக நீண்டது. விரல்கள்தான் தெரிந்தன.

“என்ன சொல்றான் பெரியவரே?” என்றாள் மையாலென்.

“ஒண்ணும் அவசரமில்லையாம்,” என்றேன்.

கை சுற்றிக்கொண்டு போனது.

எனக்கு பாஸ்க் தெரியாது.