எழுதியவர் ஜெரோம்

மாதா கோயில் படியில் பாதி ஏறியபோது என் செயற்கைக் கால் நின்றுவிட்டது. "சந்தா முடிந்தது. இந்த மென்பொருளை எழுதியவர் ஜெரோம்" என்று குழைவாகத் திரும்பத் திரும்பச் சொன்னது.

ஜெரோம் என் தம்பி. எனக்காக எழுதிய மென்பொருளை ஊருக்கே இலவசமாகக் கொடுத்தான். "எடுக்குறவன் தன் திருத்தத்தையும் எல்லாருக்கும் தரணும்னு உரிமத்துல போடுலே" என்றேன். "யாரும் என்னவும் செய்யட்டும்க்கா, எம்பேரு இருந்தாப் போதும்" என்றான். ஒரு கம்பெனி அதை எடுத்து, தான் விற்கும் செயற்கைக் கால்களில் வைத்து, சந்தா கட்டினால்தான் ஓடும்படி பூட்டியது; நான் மாட்டியிருப்பதும் அதில் ஒன்று. அவன் பெயரை மட்டும் நீக்கவில்லை.

ஓடிவந்த ஜெரோம் சந்தா கட்டப் போனை எடுத்தான். பிடுங்கிக்கொண்டேன்.

"கட்டாத. என் நிபந்தனையோட புதுசா எழுது. அதுவரைக்கும் நொண்டிக்கிட்டே போறேன். போற எடமெல்லாம் இது உம்பேரைச் சொல்லட்டும்."